எக்ஸ்ரே அறிக்கையில் ‘நுட்பமான நிழல்’: பயப்பட வேண்டுமா?

கேள்வி: அம்மா தன் நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையைத் தானே வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்ததால், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒருவரைப் பிடித்து, சீல் வைத்துத் தமிழில் மொழிபெயர்த்து எடுத்தேன். ‘வலது நுரையீரலில் நுட்பமான நிழல்’ என்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘சட்டில்’ (subtle). அகராதியில் அதற்குத் ‘தந்திரமான’ என்றும் பொருள் போட்டிருக்கிறது. நோய் ஒளிந்திருக்கிறது என்கிறார்களா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை. அந்தச் சொல் நோயின் குணத்தைச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவரின் கண்ணுக்கு அது எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறது. பளிச்சென்று தெரியவில்லை, கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடுகிறது, அவ்வளவுதான். ஆபத்தா இல்லையா என்பதற்கு அதில் விடை கிடையாது. அதை எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். அறிக்கையோடு படத்தையும் கொண்டு போங்கள்.

சிக்கல் தமிழில்தான் வந்திருக்கிறது. ‘நுட்பம்’ என்றால் நமக்குத் திறமையும் வேலைப்பாடும் ஞாபகம் வரும். சேலைக் கரையின் வேலைப்பாடு நுட்பமானது, தவில்காரரின் கை நுட்பமானது. ‘நுட்பமான நிழல்’ என்றால் நிழலுக்கே மூளை இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது; அம்மா பயந்ததில் தப்பே இல்லை. ‘எளிதில் புலப்படாத நிழல்’ என்று எழுதியிருந்தால் போதும். நிறத்துக்கும் மணத்துக்கும் ‘மெல்லிய’, ‘இலேசான’. தேத்தண்ணியில் ஏலக்காய் இலேசாக மணக்கும், நுட்பமாக மணக்காது.

ஒரு விதிவிலக்கு. ‘நுட்பமான வேறுபாடு’ என்பது நல்ல தமிழ். வேறுபாட்டைப் பிரித்தறிவது புத்தி, புத்திக்கு நுட்பம் பொருந்தும். இரண்டு வைத்தியர்களின் கருத்துக்கு இடையே நுட்பமான வேறுபாடு இருக்கலாம். அதே அறிக்கையில் ‘போன படத்துக்கும் இதற்கும் நுட்பமான வேறுபாடு’ என்று வந்திருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன். நிழல், வீக்கம், தழும்பு என்று கண் காண்பவற்றுக்குத்தான் அது ஒட்டாது. ‘தந்திரமான’ என்ற பொருள் ஆட்களின் பேச்சுக்கும் செயலுக்கும் உரியது. எக்ஸ்ரேயில் அதற்கு வேலை இல்லை.

இனி அந்தச் சீல். வீட்டில் வாசிப்பதற்கு எதற்குச் சீல்? சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் சீல் வைத்துத் தரும் மொழிபெயர்ப்பு, நீதிமன்றம், தூதரகம் போன்ற இடங்கள் கேட்டால் மட்டும் தேவை. ‘இப்பவே எடுத்துத் தாறன்’ என்று உங்கள் கையிலிருந்து தாளை வாங்குகிறவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரே அல்ல, தரகர். தாளைப் போனில் படம் பிடித்து, போன் சொன்ன தமிழை அப்படியே அச்சடித்து, சீல் குத்தி, மை காய முன்னமே அடுத்த ஆளின் பிறப்புச் சான்றிதழுக்குக் கை நீட்டுவார். சீலில் இருக்கிற பெயர் யாருடையது, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மழுப்பினால் தாளைத் திருப்பி வாங்குங்கள். நீதி அமைச்சு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் பெயரைத் தேடலாம்.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. இன்னும் ஆஸ்பத்திரியில் நோய் விவரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைத் தமிழில் வாங்க முடிகிறதா? ஆங்கிலத்தில் கிறுக்கித் தருகிறார்கள், விளங்காத சனம் தரகரிடம் போகிறது.

வைத்தியரிடம் போகும்போது அந்தத் தமிழ்த் தாளை வீட்டிலேயே வையுங்கள். ஆங்கில மூலம் போதும்.