லண்டனா, மியூனிக்கா, துபாயா? குடும்பத்துக்கு எந்த மருத்துவக் காப்பீடு?

கேள்வி: என் கணவரை அவருடைய நிறுவனம் லண்டன், மியூனிக், துபாய் ஆகிய மூன்று அலுவலகங்களில் ஒன்றுக்கு மாற்றப்போகிறது. எது என்பது அடுத்த மாதம் தெரியும். ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. தினமும் இன்ஹேலர் எடுக்கிறான். மகளுக்கு இரண்டு வயது. சர்க்கரை நோயுள்ள மாமியார் ஆறு மாதம் எங்களோடு வந்து இருக்க விரும்புகிறார். எந்த நாட்டிலும் செல்லும் என்று சொல்லப்படும் ஒரு சர்வதேசக் குடும்ப பாலிசியை இப்போதே வாங்கிவிடலாமா? பிரீமியமும் குறைவாகவே இருக்கிறது.

பதில்: வேண்டாம். ஊர் முடிவாகும் வரை ஒரு பைசாவும் கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று ஊர்களிலும் மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே வேறு வேறு. அது தெரியாமல் வாங்கும் பாலிசி ஒன்று அநாவசியமாக இருக்கும், அல்லது போதாமல் இருக்கும்.

லண்டன் என்றால் விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஒன்றைக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு. விசாவின் முழுக் காலத்துக்கும் மொத்தமாக, முன்கூட்டியே. நால்வருக்கு மூன்று ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு! இதை நிறுவனம் ஏற்குமா என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பிறகு, உங்கள் மகனின் ஆஸ்துமாவை யாரும் துருவ மாட்டார்கள். அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் அவனும் ஒரு நோயாளி, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துச் சீட்டுக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே விற்கப்படும் தனியார் காப்பீடுகள் பொதுவாக ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களை ஏற்பதில்லை. காத்திருக்காமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளத்தான் அவை உதவும்.

மியூனிக் என்றால்தான் உண்மையிலேயே தேர்வு செய்யும் வேலை இருக்கிறது. ஜெர்மனியில் சட்டப்படியான பொதுக் காப்பீடு, தனியார் காப்பீடு என்று இரண்டு வழிகள். பொதுக் காப்பீட்டில் சம்பளத்தில் ஒரு விகிதம் பிடிப்பார்கள். ஏறக்குறையப் பாதியை முதலாளி தருவார். வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் கூடுதல் பணம் இல்லாமலே அதில் சேர்ந்துவிடுவார்கள். தனியாரில் தலைக்கு ஒரு பிரீமியம். வயது, நோய் எல்லாம் கணக்கில் வரும். ஆண்டுச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் ஊழியர் தனியாருக்குப் போக முடியும். 2025-இல் அந்த வரம்பு 73,800 யூரோ. உங்கள் கணவரின் சம்பளம் அதற்கு மேல் என்றால், முகவர்கள் தனியார் பாலிசியை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருவார்கள். இளம் வயதில் தனி ஆளுக்கு அது மலிவாகத் தெரியும். ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளையோடு நால்வர் என்றால், பேசாமல் பொதுக் காப்பீட்டையே எடுங்கள். ஆனால் ஒரு கெடு இருக்கிறது. வரம்புக்கு மேல் சம்பளத்தோடு ஜெர்மனியில் முதல்முறையாக வேலைக்குச் சேர்பவர், விருப்ப உறுப்பினராகப் பொதுக் காப்பீட்டில் நுழைய மூன்று மாதங்கள்தான் அவகாசம். அதை விட்டுவிட்டால், சம்பளம் வரம்புக்கு மேலேயே இருக்கும் வரை திரும்பி வருவது கடினம். 55 வயதுக்குப் பிறகு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே விடும்.

துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. மனைவி, பிள்ளைகளுக்கு? விசாவுக்குப் பொறுப்பேற்பவருடைய கடமை. அதாவது உங்கள் கணவருடையது. பல நிறுவனங்கள் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அது அவர்கள் தரும் சலுகை. சட்டம் கேட்கும் அடிப்படைத் திட்டத்தின் ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். பெரிய அறுவை சிகிச்சை ஒன்று வந்தால் போதாமல் போகக்கூடும்.

இந்த ஊரில் மட்டும்தான் நீங்கள் பார்த்த சர்வதேச பாலிசி பற்றிய பேச்சுக்கு இடமிருக்கிறது. பிரீமியம் குறைவு என்கிறீர்களே, காரணம் ஒருவேளை இதுவாக இருக்கலாம்: பாலிசித் தாளில் 'மொரட்டோரியம்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். உடல்நலக் கேள்விகளே கேட்காமல் விற்பார்கள். வாங்கும்போது இனிப்பாக இருக்கும். அதற்கு ஈடாக, பழைய நோய்கள் எல்லாம் தொடக்கத்தில் விலக்கப்படும். பாலிசி தொடங்கிய பின் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்த நோய்க்கு அறிகுறியோ மருந்தோ மருத்துவர் ஆலோசனையோ இல்லாமல் இருந்தால்தான் அது காப்பீட்டுக்குள் வரும். உங்கள் மகன் தினமும் இன்ஹேலர் எடுக்கிறான். அவனுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் தொடங்கவே தொடங்காது. ஆண்டுகணக்கில் பணம் கட்டுவீர்கள். ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது 'விலக்கு' என்று பதில் வரும்.

ஆகவே, முழு மருத்துவ விவரங்களையும் முன்பே வாங்கிக்கொண்டு முடிவு சொல்லும் முறையைக் கேளுங்கள். கூடுதல் பிரீமியத்தில் ஆஸ்துமாவை ஏற்பார்கள், அல்லது மறுப்பார்கள். மறுத்தாலும் அது இன்றைக்கே தெரிந்துவிடும். இதைவிட நல்ல வழி நிறுவனத்தின் குழுக் காப்பீடு. ஊழியர்கள் அதிகமுள்ள குழுக்களில் பழைய நோய்களைக் காரணம் காட்டி விலக்காத ஏற்பாடு பெரும்பாலும் உண்டு. "குடும்பத்தாரின் பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா?" என்று மனிதவளத் துறைக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பதில் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

தேதிகளையும் பாருங்கள். கணவருக்குப் பணியில் சேரும் நாளில் தொடங்கும் காப்பீடு உங்களுக்கும் அன்றே தொடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் குடும்பத்தோடு இடம் மாறியபோது, குடும்பத்தார் பெயரைச் சேர்க்கும் படிவத்தை வீடு தேடும் அவசரத்தில் இழுப்பறையில் போட்டுவிட்டேன். காப்பீட்டு ஆலோசனை சொல்பவனின் லட்சணம் அது. மூன்றாவது வாரம் மகள் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழுக் கட்டணமும் என் சேமிப்பிலிருந்து போனது. விமானம் ஏறும் நாளுக்கும் காப்பீடு தொடங்கும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள் வெற்றிடம் என்று எண்ணி, அந்த நாட்களுக்கு மட்டும் பயணக் காப்பீடு எடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

மாமியார் விஷயம் தனி. மூன்று ஊர்களிலும் அவர் உங்கள் காப்பீட்டுக்குள் தானாக வர மாட்டார். மியூனிக்குக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வருகை விசாவில் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்க முடியும். ஆறு மாதத் திட்டத்தை அங்கே மறந்துவிடுங்கள். அந்த விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். லண்டனில் வருகை விசாவில் ஆறு மாதம் இருக்கலாம். அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பொது மருத்துவமனையே வெளிநாட்டு வருகையாளரிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் கேட்கும். துபாய்க்கு வருகை விசாவில் வந்தாலும் பயணக் காப்பீடுதான். எந்த ஊரானாலும் அவருடைய சர்க்கரை நோயைப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் குறையும், உண்மைதான். பிறகு கால் புண்ணுக்கோ மயக்கத்துக்கோ இழப்பீடு கேட்கும் நாளில் பழைய மருந்துச் சீட்டுகளைத்தான் முதலில் கேட்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இப்போது உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் உள்ளூர் பாலிசியை, 'வெளிநாடு போகிறோமே, எதற்கு வீண் செலவு' என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை அதில் கழித்திருப்பீர்கள். நிறுத்திவிட்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தால், ஆஸ்துமாவுக்கும் சர்க்கரைக்கும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டியிருக்கும். செலவு உறுத்தினால் காப்பீட்டுத் தொகையைக் குறைக்க முடியுமா, கழிவுத் தொகையை, அதாவது ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதலில் நீங்களே ஏற்கும் பங்கை, கூட்ட முடியுமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.