கோல்ஃப்: 7 அயர்ன் அடி நேராகப் போகுது, டிரைவர் அடி மட்டும் வலப்பக்கம் வளையுது

ஸ்விங்கில் கை வைக்காதீங்க. டிரைவர் (தூர அடிக்கான கிளப்) முகத்தில் பந்து எங்கே படுதுன்னு முதலில் பாருங்க. நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளையுதுன்னா, கிளப் தண்டான ஷாஃப்ட்டை ஒட்டின ஹீல் பக்கம் படலாம். அங்கே பட்டால் கிளப் தலை சற்றுத் திரும்பி, பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சி, அதாவது வலப்பக்கம் வளைக்கிற சுழற்சி கொடுக்கும். டிரைவரில் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 10 டிகிரி அளவுதான், அயர்னில் மறைகிற தப்பு இதில் அப்பட்டமாத் தெரியும்.

1. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் பெரிய புள்ளி வையுங்க. அது கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) வைச்சு 5 பந்து அடிங்க. ஒவ்வொரு அடிக்கும் முகத்தைத் துடைக்கணும்.

2. மார்க்கர் தடம் ஹீலில்னா பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நில்லுங்க. நடுவில் பட்டும் வளைஞ்சா, முகம் திறந்திருக்கு. கிளப்பைப் பிடிச்சுக் குனிஞ்சு பார்த்தால் இடக்கை விரல் மூட்டு இரண்டாவது தெரியணும்; குறைவா தெரிஞ்சா பிடியை மாத்துங்க.

தள்ளி நின்னும் ஹீலிலேயே பட்டா, கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி வரலாம். அதுக்கு ஒரு பயிற்சியாளர் பார்க்கணும், புது டிரைவர் தீர்க்காது. (இடக்கை ஆட்டக்காரர்னா எல்லாம் தலைகீழ்.)