கேம்பர் வேனில் டீசல் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது, ஏன் கரி பிடிக்கிறது?

வண்டி டேங்க்கில் இருந்தோ தனி டப்பாவில் இருந்தோ டீசலைச் சொட்டுச் சொட்டாக இழுத்து, மூடிய சின்ன அறைக்குள் எரித்து வேனைச் சூடாக்கும் பெட்டிதான் டீசல் ஹீட்டர். எரிய வேண்டிய காற்று வெளியிலிருந்து வருகிறது, புகையும் வெளியேதான் போகிறது. நம் பக்கக் காற்று அந்த உலோக அறையின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகித் திரும்புகிறது, விறகடுப்பில் பானைக்குள் சூடு போகும், புகை போகாது, அதே மாதிரி.

தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பனில் இது தேவையே இல்லை. ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கமோ சதர்லாந்து ஊருக்கோ போனால் ராத்திரி உறைபனி, அப்போது தெரியும் அருமை. ஆனால் உயரத்தில் காற்று மெலிது, டீசல் மட்டும் அதே அளவு வந்தால் அரைகுறையாக எரிந்து கரி படியும். டிராக்கன்ஸ்பெர்க்கில் உள்ள சானி கணவாய் உச்சி 2,800 மீட்டருக்கும் மேல், அங்கே பம்ப் தரும் டீசல் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

பொருத்தும்போது புகைக்குழாய்தான் முக்கியம்: இணைப்புகள் இறுக்கமாக, முனை வேனுக்கு அடியில் நிற்காமல் வெளியே தள்ளி, ஜன்னலுக்கு நேராக இல்லாமல் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தயவுசெய்து தூங்காதீர்கள், அந்த விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. அப்புறம், அணைக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள், விசிறி ஓடி ஆறட்டும்.

குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் ஹீட்டர் நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில்தான் கரி அதிகம் சேரும், அவ்வப்போது கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.