அடித்தது அப்பா, வழக்கு வரப்போவது சித்தி மேல்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து உங்கள் அக்காவின் 16 வயது மகள் பஸ் ஏறி, திருப்பூரில் உங்களிடம் வந்து பத்து நாளாகிறது. பையனாகப் பிறந்தவள். தான் பெண் என்று வீட்டில் சொன்னதற்கு அப்பாவும் பெரியப்பாவும் பெல்ட்டால் அடித்ததில் காதோரம் மூன்று தையல். அந்த அப்பாவை, அதாவது உங்கள் மாமாவை, உள்ளே தள்ள வழியுண்டா என்று கேட்கிறீர்கள்.

அம்மணி, அக்காவுக்குப் போட்ட நகை, நோம்பிக்கு வந்த சொந்தபந்தம் முன்னால் மாமா பேசிய பேச்சு எல்லாம் இருக்கட்டும். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘பஸ்ஸுக்கு ஜிபே பண்ணினேன், கெளம்பி வந்துடு கண்ணுன்னு வாட்ஸ்அப்ல சொன்னேன்.’ உங்கள் வழக்கே அதுதான்.

இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காப்பாளர் சம்மதமில்லாமல் அவரிடமிருந்து அழைத்துப் போனாலோ ஆசைகாட்டி வரவழைத்தாலோ கடத்தல், ஏழாண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பையன் என்றால் 16 நிறைந்ததும் இந்தப் பிரிவு பொருந்தாது. இப்போது யாரானாலும் 18தான். தானாக வந்தவளுக்கு இடம் கொடுத்தது கடத்தலாகாது என்று வாதாட வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அது விசாரணையில் உதவும் வாதம். அதற்குள் நீங்கள் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்திருப்பீர்கள். போதாததற்கு, பஸ் காசு போட்டது நீங்கள். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். அவள் அனுப்பிய காயத்தின் போட்டோவும் அதே சாட்டில்தானே கிடக்கிறது?

கோவையில் தெரிந்த திருநங்கை அம்மா வீட்டில் விடலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வர யோசிக்கிற போலீஸ் அங்கே உடனே போகும்.

வக்கீலாக நான் பார்த்த கட்சிக்காரர்கள் கெட்டதெல்லாம் இந்த இடத்தில்தான்: அடிபட்ட பிள்ளைக்குச் சோறு போட்டால் போதும், சட்டம் புரிந்துகொள்ளும் என்று சும்மா இருந்துவிடுவார்கள். அப்பா காணவில்லை என்று புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் ‘பிள்ளையை அப்பாகிட்ட ஒப்படைச்சாச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க’ என்பார்கள். கையெழுத்துப் போட்டால் பிள்ளை அன்று இரவே அந்த பெல்ட்டுக்குத் திரும்பிவிடும்.

நாளைக்கே திருப்பூர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு (இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் சட்டக் குழு) முன் அவளை நிறுத்துங்கள்; இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் செய்திருக்க வேண்டியது. கூட இருப்பவரே அடித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் அவள் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை. ‘தகுதியுள்ள நபர்’ என்று உங்களிடம் ஒப்படைக்கக் கேளுங்கள். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் அவள் உங்கள் வீட்டில் இருப்பது சட்டப்படி ஆகும்.

தையல் போட்ட கிளினிக் சீட்டில் ‘வண்டியிலிருந்து விழுந்தது’ என்று இருக்கிறதாமே. ஜி.எச்.சில் காட்டி, யார், எதால், எப்போது அடித்தார்கள் என்று அவள் வாயாலேயே சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) போட வையுங்கள்.

மாமா மேல் கேஸா? உங்களுக்கு வேண்டியது அவள் பிளஸ் டூ முடிப்பது என்றால் குழு முன்னாலேயே சமாதானமாகப் போங்கள். டி.சி. கொடுக்கட்டும், வந்து தொல்லை பண்ணமாட்டேன் என்று எழுதட்டும். குழுவே போலீசுக்கு எழுதினால் தடுக்காதீர்கள். எழுதாவிட்டாலும், சாதாரணக் காயத்துக்கு வழக்கு எடுக்க ஓராண்டுதான் கெடு என்பதை மறக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன் பத்திரத்தில் எழுதுவது மட்டும் வேண்டாம், செல்லாது.

போகும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துப் போங்கள். வயதுக்கு முதலில் அதைத்தான் கேட்பார்கள்.