மண்ணில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதுநிலையில் மண் பொறியியலும் அடித்தள வடிவமைப்பும் படிக்க விரும்புகிறாள். ‘கெட்டி மண் வரும்வரை வானம் தோண்டிக் கருங்கல் கட்டினால் போதும், அதற்கு ஒரு பட்டமா?’ என்கிறார்கள் உறவினர்கள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், தக்கலை.

பதில்: உறவினர்கள் சொல்வது செம்மண் மேட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும், அங்கே அனுபவமுள்ள கொத்தனாரின் கண் எளிதில் தவறுவதில்லை. வயலை நிரப்பி மனையாக்கிய இடத்தில்தான் அந்தக் கண் போதாமல் போகிறது. மேலே கொட்டிய செம்மண் கெட்டியாகத் தெரிந்தாலும், அடியில் இருப்பது நீரில் ஊறிய பழைய வயற்களிதான். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பிய மண்ணே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் எடை கொண்டது. பரந்து கிடக்கும் அந்தச் சுமை ஆழம் செல்லச் செல்லக் குறைவதுமில்லை. அது அழுத்த அழுத்தக் களியிலுள்ள நீர் மெல்ல வெளியேறி நிலம் அமிழ்கிறது. களிப் படலம் இரு மடங்கு தடித்தால் இதற்கு நான்கு மடங்கு காலம் ஆகும் என்பதால், புதுமனை புகுவிழாவில் தெரியாத விரிசல் பல ஆண்டுகள் கழித்துச் சுவரில் தெரிகிறது. எவ்வளவு அமிழும், எத்தனை ஆண்டுகளில் அமிழும் என்று கணக்கிடும் வழியைக் கார்ல் டெர்சாகி என்ற ஆஸ்திரியப் பொறியாளர் வகுத்தார். 1925இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் இத்துறையின் நவீன வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

இளநிலையில் இதற்குப் பொதுவாக ஓரிரு தாள்களே உண்டு; எனவே முதுநிலைப் படிப்பு வீணாகாது. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐஐடியிலும் இத்துறை இருக்கிறது. ஐஐடிக்கு, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வின் மதிப்பெண் தேவை. வகைக்கெழுச் சமன்பாடுகளில் தடுமாறுபவர்களுக்குப் பாடம் கடினமாகவே இருக்கும். துளையிடும் களத்தில் வெயிலில் நின்று, மண்ணின் உறுதியை அறிய 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும் ஒவ்வொரு முறையையும் எண்ண வேண்டியும் வரும். அது பெண்ணுக்கு ஒத்துவராது என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

முடிவெடுக்குமுன், இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு அருகிலுள்ள நிரப்பப்பட்ட வயல் ஒன்றின் களி மாதிரியை உரிமையாளர் அனுமதியோடு எடுத்து, சுமை ஏற ஏறக் களி எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கும் இறுகல் சோதனையைச் செய்து பார்க்குமாறு மகளிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு சுமைக்கும் வழக்கமாக ஒரு நாள் காத்திருக்க வேண்டிய, ஒரு வாரம் வரை நீளக்கூடிய அந்தச் சோதனை அவருக்குச் சலிக்காவிட்டால், தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.