தகுதியற்ற அரசியல் நியமனங்களும் ஆட்சி மாற்றக் குளறுபடிகளும் உண்மையிலேயே ஆபத்தானவையா?

ஆம், அமெரிக்காவின் அனுபவமே அதற்குச் சான்று. அங்கு அதிபர் மாறும்போது ஏறத்தாழ 4,000 பதவிகள் அரசியல் நியமனங்களால் நிரப்பப்படுகின்றன. நவம்பர் தேர்தலுக்கும் ஜனவரி 20 பதவியேற்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான் பொறுப்புகள் கைமாற வேண்டும். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் முடிவு குறித்த வழக்கு டிசம்பர் 12 வரை இழுத்ததால் முக்கிய நியமனங்கள் தாமதமானதைச் செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையமும் சுட்டிக்காட்டியது.

நியமனங்களின் தரத்துக்கு, பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவைப் பார்க்கலாம். கிளின்டன் காலத்தில் அதை நடத்திய ஜேம்ஸ் லீ விட், ஆர்கன்சா மாநிலத்தில் அதே பணியைச் செய்தவர். புஷ் ஆட்சியிலோ முதலில் அவருடைய தேர்தல் பிரசார மேலாளரும், பின்னர் அந்த மேலாளரின் நண்பரான மைக்கேல் பிரவுனும் தலைமைக்கு வந்தனர். பிரவுன் அதற்கு முன் அரபுக் குதிரைகள் சங்கம் ஒன்றில் பணியாற்றியவர். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியபின், நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டு அரங்கில் ஆயிரக்கணக்கானோர் உணவும் நீருமின்றித் தவித்ததைத் தொலைக்காட்சிகள் காட்டிக்கொண்டிருக்க, செப்டம்பர் 1 அன்றுதான் அதை அறிந்ததாக அவர் பேட்டியளித்தார். இதை மன்னிக்கவே முடியாது என்பது என் கருத்து. மறுநாள் அதிபர் அவரைப் பகிரங்கமாகப் பாராட்டினார். பத்து நாள்களில் அவர் பதவி விலகினார்.

2006-இல் இயற்றப்பட்ட சட்டம், ஃபெமா தலைவருக்குப் பேரிடர் மேலாண்மைத் திறனும் குறைந்தது ஐந்தாண்டு நிர்வாக அனுபவமும் வேண்டும் என்கிறது. ஆயினும் 2025-இல், பேரிடர் மேலாண்மை அனுபவமற்ற ஒருவர் தற்காலிகப் பொறுப்பு என்ற பெயரில் அந்த இருக்கையில் அமர்த்தப்பட்டார்.