புகைக்கும் குப்பைக்கும் பணம் வாங்கினால் மாசு குறையுமா?

"புகைச் சான்று இல்லை என்று அபராதம் போடுவது பணம் பறிக்கும் வழிதானே? இப்படிப் பணம் வாங்கினால் புகையும் குப்பையும் குறைந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமீபத்தில் அபராதம் கட்டியவர் போலிருக்கிறது. கோபம் நியாயம்தான். ஆனால் கட்டணமே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்பா 2006-இல் வாங்கிய ஸ்கூட்டரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். பதினைந்து ஆண்டு முடிந்ததும் பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்தேன். போன ஆண்டு புகைச் சான்று எடுக்கக் காட்பாடிப் பக்கம் ஓர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பையன் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தான், பணம் வாங்கினான், சான்றை நீட்டினான். புகைக்குழாய்க்குள் விட வேண்டிய கம்பி சுருட்டியபடியே மூலையில் கிடந்தது. "உள்ளே விட்டுப் பார் தம்பி" என்றேன். "எதற்கு சார், சான்றுதான் வந்துவிட்டதே" என்றான். நான் நகரவில்லை. விட்டுப் பார்த்தான். கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 4.8 காட்டியது.

மெக்கானிக் ஏர் பில்டரைக் கழற்றியபோது உள்ளே இருந்த பஞ்சு கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றி, கார்புரேட்டரையும் சுத்தம் செய்தார். மறுநாள் 2.1.

எல்லா இடத்திலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சோதிப்பவர்களும் உண்டு. ஆனால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்றதும் நாம் சான்றைத்தான் தேடுகிறோம், புகையைப் பார்ப்பதில்லை.

கையில் காசு திரும்பி வந்தால் நடப்பது வேறு. நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கிழித்த மதுப் பாட்டில்களுக்கு, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் ஒரு வழி வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். மது விற்பனையை ஆதரிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்கும் குப்பைக் கட்டணத்தில் இப்படித் தள்ளுபடி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், தோல் கழிவு கலந்த எங்கள் பாலாற்று வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. அன்று தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த அபராதம் அதே 10,000 ரூபாய். இழப்பீடு தனி என்பது தெரியும். ஆனால் ஆம்பூர்ப் பக்கம் பாட்டி வீட்டுக் கிணற்று நீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது.